‘ரஸ்ட் இன் பீஸ்’ 1990 ஒரிஜினல் சிடி என்று யாராவது விற்றால், பணம் போடுவதற்கு முன் இதைப் படியுங்கள்

அமெரிக்க மெட்டல் குழுவான மெகாடெத்தின் ‘ரஸ்ட் இன் பீஸ்’ ஆல்பத்தின் 1990 சிடி என்று சொல்லி, 2004இல் மாற்றி மிக்ஸ் செய்த (குரலையும் வாத்தியங்களையும் மறுபடி கலந்து அமைத்த) சிடியை ஒரு விற்பனையாளர் என் தலையில் கட்டிவிட்டார். இடையில் இருந்த விற்பனைத் தளமும் கையை விரித்துவிட்டது. பழைய மெட்டல் சிடிகளைத் தேடி வாங்குகிறவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும் என்பதால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

‘எந்த வருஷத்து சிடியாக இருந்தால் என்ன, பாட்டு அதே பாட்டுதானே’ என்று கேட்பவர்கள் இருப்பார்கள். பல ஆல்பங்களுக்கு அது சரி. ரீமாஸ்டர் என்றால் சத்தத்தை ஏற்றியிருப்பார்கள், கொஞ்சம் சுத்தம் செய்திருப்பார்கள், பதிவு பழைய பதிவுதான். இந்த ஆல்பத்தில் அப்படி இல்லை. 2004இல் குழுவின் தலைவரும் பாடகரும் கிடார் கலைஞருமான டேவ் மஸ்டெய்ன், கேபிடல் என்ற இசை நிறுவனத்துக்காகச் செய்த ஆல்பங்களை டேப்பிலிருந்தே மறுபடி மிக்ஸ் செய்தார். இந்த ஆல்பத்துக்கு வந்தபோது சில பாட்டுகளின் குரல் பதிவுகள் கிடைக்கவில்லை. ‘ஃபைவ் மேஜிக்ஸ்’, ‘டேக் நோ பிரிசனர்ஸ்’, ‘லுக்ரீஷியா’ போன்ற பாட்டுகளில் அவர் புதிதாகப் பாடிச் சேர்த்தார். 28 வயதில், போதைப் பழக்கத்திலிருந்து அப்போதுதான் வெளியே வந்திருந்த ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு பாடிய இடங்களில், நாற்பதைத் தாண்டியவரின் குரல் கேட்கிறது. டிரம்ஸின் ஒலியும் மாறிவிட்டது. ஸ்ட்ரீமிங்கில் கேட்கும் நிறையப் பேருக்குக் கிடைப்பது இந்த 2004 மிக்ஸ்தான். ஆகவே 1990இன் ஒலி வேண்டும் என்றால் பெரும்பாலும் பழைய சிடியையோ கேசட்டையோ ரெக்கார்டையோ தேட வேண்டியிருக்கிறது. அந்தத் தேவைதான் இந்த மாதிரி ஆட்களுக்குப் பிழைப்பு.

இந்த ஆல்பத்தை ஏன் இப்படித் தேடுகிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். முதல் பாட்டு ‘ஹோலி வார்ஸ்’. 1988இல் வட அயர்லாந்தின் ஆன்ட்ரிம் நகரக் கச்சேரியில் மஸ்டெய்ன் மேடையில் சொன்ன ஒரு வார்த்தையால் கூட்டத்துக்குள் அடிதடி வெடித்தது. அந்த அனுபவத்திலிருந்து பிறந்த பாட்டு இது. அந்த ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிடார் துண்டு) ஆரம்பிக்கும் வேகமும், நடுவில் எல்லாம் சட்டென்று நின்று மார்ட்டி ஃபிரீட்மனின் அகூஸ்டிக் கிடார் மட்டும் தனியாக வந்து போவதும், பிறகு பாட்டு கனத்து மெதுவாவதும் ஆறரை நிமிஷத்துக்குள் நடந்துவிடும். ‘ஹேங்கர் 18’ பாட்டின் பின்பாதியில் மஸ்டெய்னும் ஃபிரீட்மனும் மாறி மாறி சோலோ வாசிப்பார்கள், ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் பிடிப்பார். ‘டொர்னேடோ ஆஃப் சோல்ஸ்’ சோலோவைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ஃபிரீட்மன் குழுவுக்கு வந்த புதிதில் வாசித்தது அது. வேகத்தைக் காட்டுவதற்காக வாசித்த ஒரு சுரம்கூட அதில் இல்லை, முழுவதையும் வாயால் பாடிவிடலாம். ‘டான் பேட்ரோல்’ பாட்டில் கிடாரே கிடையாது. டேவிட் எல்லெஃப்சனின் பேஸ், நிக் மென்ஸாவின் டிரம்ஸ், தாழ்ந்த குரலில் மஸ்டெய்ன், அவ்வளவுதான். மென்ஸா 2016இல் இறந்துவிட்டார். அவர் அடித்த அடி 1990இல் எப்படி ஒலித்ததோ அப்படியே கேட்க வேண்டும் என்ற ஆசை எனக்கு அதன் பிறகு இன்னும் கூடியது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விளம்பரத்தில் ‘1990, ஒரிஜினல் மிக்ஸ், முதல் பிரஸ்ஸிங்’, அதாவது முதல் முறை தயாரித்த சிடி, என்று தெளிவாகப் போட்டிருந்தார்கள். போட்டோவும் நன்றாக இருந்தது. எட் ரெப்கா வரைந்த அட்டை, கண்ணாடிப் பெட்டிக்குள் வேற்றுக்கிரகவாசி, சுற்றிலும் அன்றைய உலகத் தலைவர்கள். புது சிடியைப் போல நாலு மடங்கு விலை. பணம் போடுவதற்கு முன் ‘இது 2004 ரீமாஸ்டர் இல்லையே?’ என்று எழுதிக் கேட்டேன். ‘இல்லை ப்ரோ, 100 சதவீதம் பழசு’ என்று பதில் வந்தது.

பார்சல் வந்ததும் பெட்டியைத் திறந்து பார்த்தேன். பின்பக்க அட்டையில் ஒன்பது பாட்டுதான் போட்டிருந்தது. ஆனால் தாளைத் தொட்டதும் சந்தேகம் வந்தது. அச்சடித்த அட்டையின் வழவழப்பு இல்லை, கலர் ஜெராக்ஸின் சொரசொரப்பு. ஓரத்தைக் கத்தரியால் வெட்டியிருந்த கோடு நேராகக்கூட இல்லை. எழுத்துகளை உற்றுப் பார்த்தால் விளிம்பில் புள்ளி புள்ளியாகக் கலைந்திருந்தன. சிடியைப் பிளேயரில் போட்டேன். திரையில் 13 என்று காட்டியது. ‘மை கிரியேஷன்’ என்ற பாட்டும் மூன்று டெமோ (முன்னோட்ட) பதிவுகளும் சேர்ந்தது 2004 வெளியீடு. 1990 சிடியில் ஒன்பதுக்கு மேல் கிடையாது. ‘ஃபைவ் மேஜிக்ஸ்’ போட்டுக் கேட்டேன், குரலிலும் சந்தேகமே இல்லை.

2004 வெளியீட்டைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. ஃபிரீட்மன் வருவதற்கு முன்பு, குழுவின் பழைய கிடார் கலைஞர் கிறிஸ் போலண்ட் வாசித்த அந்த டெமோக்கள் ரசிகர்கள் கேட்க வேண்டியவை. அதை அதன் பெயரில், அதன் விலைக்கு விற்றால் யாருக்கும் ஒரு வருத்தமும் இல்லை. இங்கே பழைய அட்டையை ஜெராக்ஸ் போட்டு, வெட்டி, ஒட்டி, திட்டம் போட்டு ஏமாற்றியிருக்கிறார்கள்.

விற்றவரிடம் கேட்டேன். முதலில் ‘மாறி வந்திருக்கும்’ என்றார். படங்களை அனுப்பியதும் ‘ரீமாஸ்டர்ல சவுண்டு இன்னும் செமையா இருக்குமே ப்ரோ, உங்களுக்கு லாபம்தானே’ என்றார். அதற்கு அப்புறம் பதிலே இல்லை. தளத்தில் புகார் கொடுத்தேன். போலி அட்டையின் படம், பிளேயர் திரையின் படம், அவர் முன்பு கொடுத்த உறுதி, எல்லாவற்றையும் இணைத்தேன். ‘ஆல்பத்தின் பெயரும் கலைஞரின் பெயரும் பொருந்துகின்றன, பொருள் விவரத்துக்கு ஏற்பவே உள்ளது’ என்று சொல்லிப் புகாரை மூடிவிட்டார்கள். மறுபடி எழுதியபோதும் வார்த்தை மாறாமல் அதே பதில். இரண்டு பதிவுகளுக்கும் உள்ள வித்தியாசத்தைப் படித்துப் பார்க்கக்கூட அங்கே யாருக்கும் பொறுமை இல்லை. எனக்கு அதிகக் கோபம் வந்தது இதில்தான்.

இனி வாங்குகிறவர்கள் அட்டையின் போட்டோவை நம்ப வேண்டாம். சிடியைத் திருப்பிப் போட்டு, நடு ஓட்டையைச் சுற்றியுள்ள வளையத்தைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கூடவே அன்றைய தேதியை எழுதிய ஒரு துண்டுச் சீட்டும் அதே படத்தில் இருக்கட்டும், இணையத்தில் எடுத்த படத்தை அனுப்ப முடியாது. அந்த வளையத்திலோ நடுவில் உள்ள கண்ணாடி போன்ற பகுதியிலோ ஐ.எஃப்.பி.ஐ. என்ற ஆங்கில எழுத்துகள் பொறித்திருந்தால் அது 1990 பிரஸ்ஸிங்காக இருக்கவே முடியாது, சிடி எங்கே தயாரானது என்று காட்டும் அந்தக் குறியீடு நடைமுறைக்கு வந்ததே 1994 வாக்கில்தான். அது இல்லை என்பதால் மட்டும் பழசு என்று முடிவுகட்டிவிடவும் வேண்டாம். சிடியின் மேல்பக்க அச்சில் உள்ள உரிமை வருஷத்தைப் பாருங்கள், பிளேயரில் ஓடவிட்டு எத்தனை பாட்டு காட்டுகிறது என்று ஒரு சின்ன வீடியோவும் கேளுங்கள். உண்மையாக விற்பவருக்கு இதெல்லாம் ஐந்து நிமிஷ வேலை. மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்து வையுங்கள். முடிந்தவரை பொருள் கைக்கு வந்த பிறகு பணம் கொடுக்கும் வழியில் வாங்குங்கள். அந்த ஆள் அதே போட்டோவோடு இன்னும் விளம்பரம் போட்டுக்கொண்டிருக்கிறார், விலையை மட்டும் கொஞ்சம் குறைத்திருக்கிறார். பெட்டியின் மேல் இடது மூலையில் சின்ன விரிசல் உள்ள படத்தோடு ‘முதல் பிரஸ்ஸிங்’ என்று எங்காவது கண்ணில் பட்டால் அது அவர்தான்.