குஞ்சு தரமானது, "எல்லாமே பெட்டை" என்ற உறுதி மட்டும் பொய்

போன ஆகஸ்ட்டில் மேட்டுப்பாளையத்தில் ஒரு கோழிக்குஞ்சுக் கடையில் 12 கலப்பினக் குஞ்சுகள் வாங்கிக் கோத்தகிரிக்குக் கொண்டு வந்தோம். கடையின் பெயரை எழுதவில்லை, இதே பேச்சை வேறு கடைகளிலும் கேட்டிருக்கிறேன். "நம்பி எடுத்துட்டுப் போங்கக்கா, பன்னெண்டும் பெட்டைதான், பொறுக்கி வெச்சது" என்றார் கடைக்காரர். அதற்காகவே குஞ்சுக்கு 15 ரூபாய் கூடுதல். இப்போது ஐந்து மாதம் ஆகிறது. ஏழு சேவல், ஐந்து பெட்டை.

குஞ்சுகளைக் குறை சொல்ல மாட்டேன். தொப்புள் நன்றாக ஆறியிருந்தது, பின்பக்கம் சுத்தம், ஒன்றுகூட நொண்டவில்லை, மலை ஏறி வந்த பிறகும் பெட்டிக்குள் கத்திக்கொண்டே இருந்தன. 12-உம் பிழைத்ததற்கு அந்தத் தரம்தான் காரணம். எங்கள் ஊர்க் குளிரில் அது சாதாரண விஷயமில்லை. முதல் வாரம் குஞ்சுக்கு 95 டிகிரி ஃபாரன்ஹீட் சூடு வேண்டும், அப்புறம் வாரத்துக்கு ஐந்து டிகிரி குறைக்கலாம். கீழே சமவெளியில் ஒரு பல்பு போதும் என்பார்கள், இங்கே தகரத் தடுப்புக்குள் இரண்டு போட்டும் இரவில் எழுந்து பார்க்க வேண்டியிருந்தது. குஞ்சுகள் பல்புக்கடியில் ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் குளிர், ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்துகொண்டு நின்றால் சூடு அதிகம். கரண்ட் போன இரவுகளில் சுடுதண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி வைத்தேன். ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சல் நோய்க்கு லசோட்டா தடுப்பு மருந்துச் சொட்டு போடணும் என்று ஞாபகப்படுத்தியதும் அதே கடைக்காரர்தான், அதற்கு நன்றி.

ஆனால் பெட்டை விஷயத்தில் அவர் செய்தது சரியில்லை. பிறந்த குஞ்சில் ஆண் பெண் பார்க்கவே முடியாது என்றில்லை. பெரிய பொரிப்பகங்களில் பழகிய ஆட்கள் ஆசனவாயைப் பிதுக்கிப் பார்த்துப் பிரிப்பார்கள். ஜப்பான்காரர்கள் கொண்டுவந்த முறை, கை பழகவே நிறைய நாள் ஆகும். நிறத்தை வைத்தும் சொல்லலாம், ஆனால் தாயும் தகப்பனும் இன்னது என்று தெரிந்திருக்க வேண்டும். உதாரணமாக, வரி இறகுள்ள பெட்டையோடு வரி இல்லாத கருப்புச் சேவலைச் சேர்த்தால், அந்த வரி தாயிடமிருந்து மகன்களுக்கு மட்டும்தான் போகும், அதனால் ஆண் குஞ்சுகளுக்குத் தலையில் வெள்ளைப் புள்ளி இருக்கும். நான் வாங்கியதில் ஒன்று கழுத்தில் இறகில்லாத கழுத்தறுத்தான் வகை, ஒன்றுக்குக் கால் முழுக்க இறகு, இரண்டில் அசில் என்னும் சண்டைக்கோழிச் சாயல். இவற்றின் தாய் தகப்பன் யாரென்று கடைக்காரருக்கே தெரியாதபோது எதைப் பார்த்துப் பொறுக்கினார்?

முட்டை கூர்மையாக இருந்தால் சேவல், காலைப் பிடித்துத் தொங்கவிட்டால் தெரியும் என்றெல்லாம் சொல்வதையும் நம்பாதீர்கள். ஆறு வாரத்துக்கு மேல் கொண்டை சிவந்து தடித்து, கால் பருத்தால் அது சேவலாகத்தான் இருக்கும். எனக்கு நாலு அப்படித்தான் தெரிந்தன. அசில் சாயல் இரண்டும் ஏமாற்றிவிட்டன, அசிலுக்குக் கொண்டையே சின்னது, அதனால் பெட்டை என்றே நினைத்து நாலாம் மாதம் வரை தீனி போட்டேன், ஒரு நாள் விடியற்காலையில் இரண்டும் கூவின. மூன்றாம் மாதமே வால் பக்கம் முதுகில் தொங்கும் இறகைப் பார்த்திருக்க வேண்டும்: சேவலுக்கு நீளமாக, கூராக, பளபளப்பாக இருக்கும், பெட்டைக்கு நுனி வட்டமாக இருக்கும். கலப்புக் கோழியில் நான் நம்புவது இந்த அடையாளம் ஒன்றைத்தான்.

எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். என்னிடம் ஐந்துக்கு ஏழு. அவை ஏறி மிதித்து இரண்டு பெட்டைக்கு முதுகில் இறகே இல்லாமல் போய்விட்டது, ஒன்றுக்குப் புண்ணும் வந்தது, பார்க்கவே வேதனையாக இருந்தது. ஐந்து சேவல்களைத் தனியாக அடைத்து வைத்திருக்கிறேன், மரநாய் பயத்தில் அதற்கு இன்னொரு கம்பிக் கூண்டு செலவு. கடைக்குப் போன் செய்தபோது "அது உங்க அதிர்ஷ்டம்க்கா" என்றார். மாற்றித் தரவில்லை, கூடுதலாக வாங்கிய 180 ரூபாயையும் தரவில்லை.

குஞ்சுக்காக அந்தக் கடைக்கு மறுபடி போவேன், ஆனால் சாதா விலைக்கு, கலந்தே கொடுங்கள் என்று கேட்டு வாங்குவேன், பாதிக்குப் பாதி சேவல் வரும் என்று இடமும் ஒதுக்கி வைப்பேன். முட்டைக்கு மட்டும் வேண்டுமென்றால் மூன்று மாத வெடைக்கோழியாக, அதாவது இன்னும் முட்டையிடாத இளம் பெட்டையாகக் கேளுங்கள். விலை அதிகம்தான், ஆனால் அந்த முதுகு இறகை நீங்களே தொட்டுப் பார்த்து எடுக்கலாம்.