ஹிஸ்டமினைச் சிதைக்க டிஏஓவா, ஹெச்என்எம்டியா?

ஒவ்வாமையில் பங்கு வகிக்கும் ஹிஸ்டமினைச் சிதைக்கும் மறுசேர்க்கை (மரபணுவை வேறு செல்லில் புகுத்தித் தயாரித்த) மனித நொதி என்று தேடினால் முக்கியமாக இரண்டு அகப்படும்: டையமின் ஆக்ஸிடேஸ் என்ற டிஏஓ, ஹிஸ்டமின் என்-மெத்தில்டிரான்ஸ்ஃபரேஸ் என்ற ஹெச்என்எம்டி. பிளாஸ்மாவிலோ வளர்ப்பு ஊடகத்திலோ இருக்கும் ஹிஸ்டமினை நீக்க டிஏஓதான் சரி. செல்லுக்குள் நடக்கும் சிதைவைத் தடுக்கும் மருந்துகளைச் சோதிக்க ஹெச்என்எம்டி.

டிஏஓவைத் தயாரிப்பது கடினம். இரண்டு துணை அலகுகள், சர்க்கரைச் சங்கிலிகள், டைசல்ஃபைடு பிணைப்புகள், மையத்தில் செம்பு. அதன் சொந்த அமினோ அமிலமான டைரோசின் ஒன்று செம்பும் ஆக்ஸிஜனும் சேர்ந்து டோபாகுவினோனாக மாறினால்தான் நொதி வேலை செய்யும். அதனால் ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரித்தது வேண்டாம், பூச்சி செல் அல்லது சிஹெச்ஓ (சீன வெள்ளெலியின் சூலக) செல்லில் தயாரித்ததையே வாங்குங்கள். புரதங்களை அளவுப்படி பிரிக்கும் ஜெல்லில் பட்டை அழகாக இருந்தும் செயல்திறன் குறைந்தால் முதலில் செம்பைச் சந்தேகிக்க வேண்டும். செம்பில்லாத புரதமும் ஜெல்லில் அதே இடத்தில்தான் நிற்கும்.

ஹெச்என்எம்டி 292 அமினோ அமிலம் கொண்ட ஒற்றைச் சங்கிலி, சுமார் 33 கிலோடால்டன். ஈ.கோலையில் எளிதாகக் கிடைக்கும். ஆனால் மெத்தில் தொகுதியைத் தரும் எஸ்-அடினோசில்மெத்தியோனின் சேர்க்காமல் அசையாது. அது நடுநிலை பிஹெச்சில் சிதையும் என்பதால் கடைசியில் சேருங்கள். வினையில் உருவாகும் எஸ்-அடினோசில்ஹோமோசிஸ்டீன் நொதியையே தடுக்கும். ஆரம்ப வேகத்தை மட்டும் நம்புங்கள்.

அளவிடுவதில் டிஏஓ வசதியானது. ஒரு ஹிஸ்டமினுக்கு ஒரு ஹைட்ரஜன் பெராக்சைடு வரும். பெராக்சைடு பட்டால் ஒளிரும் பொருளாக மாறும் ஆம்ப்ளெக்ஸ் ரெட், அதை மாற்றும் நொதியான ஹெச்ஆர்பி (ஹார்ஸ்ரேடிஷ் பெராக்ஸிடேஸ்) சேர்த்து 530/590 நானோமீட்டரில் படிக்கலாம். ஹிஸ்டமினின் டைஹைட்ரோகுளோரைடு உப்பு 18.4 மில்லிகிராமை 10 மில்லிலிட்டரில் கரைத்தால் 10 மில்லிமோலார். சோதனைத் தட்டின் ஒவ்வொரு கிணற்றிலும் (குழியிலும்) 100 மைக்ரோமோலார் தாராளம். ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கச் சேர்க்கும் டிடிடி, கிருமி வளராமல் சேர்க்கும் அசைடு இரண்டும் சிக்னலைக் கெடுக்கும். செல் லைசேட்டிலுள்ள (உடைத்த செல்களின் கரைசலிலுள்ள) கேட்டலேஸ் நொதி பெராக்சைடைத் தின்றுவிடும். புட்ரெசின் உள்ள மாதிரியில் பொய்யான ஏற்றம் வரும், அதுவும் டிஏஓ சிதைக்கும் பொருளே.

டிஏஓவைத் தடுக்கும் அமினோகுவானிடின் சேர்த்த ஒப்பீட்டுக் கிணறு மட்டும் போதாது. கன்றுச் சீரத்திலுள்ள அமைன் ஆக்ஸிடேஸும் ஸ்பெர்மினிலிருந்து பெராக்சைடு தரும், அதையும் அமினோகுவானிடின் தடுக்கும். டிஏஓ சேர்க்காத கிணறு ஒன்றும் கட்டாயம் வேண்டும்.

பன்றிச் சிறுநீரக டிஏஓ மலிவானது. நீக்கும் வேலைக்கு ஓடும். மனித நொதியின் தடுப்பான்களைத் தேட அதை எடுக்காதீர்கள்.

உயிருள்ள செல்களில் டிஏஓ போட்டால் பெராக்சைடு செல்களைத் தாக்கும். கேட்டலேஸ் சேருங்கள், அப்போது ஆம்ப்ளெக்ஸ் ரெட் பயன்படாது, எஞ்சிய ஹிஸ்டமினை எலிசாவில் (எதிர்ப்பொருள் கொண்டு அளக்கும் முறையில்) அளக்க வேண்டும்.