பினாங்கின் இரண்டு எல்லை ஆறுகள்: மூடாவும் கிரியானும்

1800ஆம் ஆண்டில் பிரிட்டிஷார் கெடா சுல்தானிடம் பெற்ற கரையோரப் பட்டைதான், மலேசியாவின் பினாங்கு மாநிலத்துப் பெருநிலப் பகுதியான இன்றைய செபராங் பிறையின் தொடக்கம். அதன் வடக்கே மூடா ஆறு, தெற்கே கிரியான் ஆறு. பள்ளிப் பிள்ளைகளை முதலில் எந்த ஆற்றுப் பக்கம் அழைத்துச் செல்லலாம் என்று சிலர் கேட்கிறார்கள்.

பழமையில் மூடாவுக்கு நிகரில்லை. ஆற்றைத் தாண்டினால் கெடா, நம் முன்னோர் சொன்ன கடாரம். அங்குள்ள பூஜாங் பள்ளத்தாக்கின் சுங்கை பத்துவில் பழங்கால இரும்பு உருக்கும் உலைகளின் எச்சங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன. பினாங்கின் குடிநீரில் பெரும்பகுதி இன்றும் மூடா ஆற்றிலிருந்துதான் வருகிறது.

ஆனால் தமிழர் வரலாறு என்று வந்தால் கிரியானையே முன்னால் வைப்பேன். நிபோங் திபால், பாரிட் புந்தார், பண்டார் பாரு ஆகிய மூன்று ஊர்களும் கிரியான் ஆற்றை ஒட்டி அருகருகே இருந்தும் பினாங்கு, பேராக், கெடா என மூன்று மாநிலங்களைச் சேர்ந்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தத் தாழ்ந்த சேற்று நிலத்தைக் கரும்புத் தோட்டங்கள் நிறைத்தன. கரும்பு வெட்டியவர்களும் ஆலையில் உழைத்தவர்களுமாகத் தமிழகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கப்பல் கப்பலாக வந்தார்கள். கலிடோனியா, பைராம் என்ற தோட்டப் பெயர்கள் நம் குடும்பப் பேச்சில் இன்னும் புழங்குகின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏற, கரும்பு மறைந்தது. ஒப்பந்தக் கூலி முறையும் 1910இல் ஒழிக்கப்பட்டது. பேராக் கரையிலோ 1906இல் நிறைவடைந்த பாசனத் திட்டம் நிலத்தை நெல்வயலாக்கியது.

அதனால் கேட்பவர்களுக்கு என் பதில்: முதலில் நிபோங் திபால், பூஜாங் அடுத்த விடுமுறைக்கு.