8 ஓம் ஸ்பீக்கர், மீட்டரில் 6 ஓம்: மின்தடையா, இம்பீடன்ஸா?
சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய 8 ஓம் ஸ்பீக்கரின் முனைகளில் மல்டிமீட்டரை வைத்தால் 6 ஓம் அளவில்தான் காட்டும். கடைக்காரர் மீது சந்தேகம் வேண்டாம். மீட்டர் நேர்திசை மின்னோட்டத்தைச் செலுத்திக் கம்பிச்சுருளின் மின்தடையை மட்டும் அளக்கிறது.

பாட்டு வருவதோ மாறுதிசை மின்னோட்டமாக. அப்போது சுருளின் தூண்டலும் (மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் இயல்பு) கூம்பின் அசைவும் மின்தடையோடு சேர்ந்து எதிர்க்கின்றன, அதுதான் இம்பீடன்ஸ். அது அதிர்வெண்ணுக்கு ஏற்ப ஏறி இறங்கும். மிருதங்கத்தின் தொப்பி ஒலிக்கும் தாழ்ந்த பகுதியில், கூம்பு தன் இயல்பான அதிர்வெண்ணில் அதிரும் ஒத்ததிர்வின்போது 30 ஓமைத் தாண்டுவதும் உண்டு. அதிர்வெண் சற்று மேலே போனால் 7-க்கு இறங்கிவிடும். அச்சிட்ட 8 ஒரு தோராயக் கணக்கு, அவ்வளவே.

ஆம்ப்ளிஃபயர் பொருத்தத்துக்கு இம்பீடன்ஸையே பாருங்கள். இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களை இணையாக மாட்டினால் 4 ஓம். அதைத் தாங்காத ஆம்ப்ளிஃபயர் கொதித்துவிடும். சுருள் அறுந்ததா என்று பார்க்க மின்தடை போதும்.