சந்தூர் நர்சரிக்கு ஒரு பேசும் எண்: கிளவுட் டெலிபோனி சேவையை ஒரு பருவம் ஓட்டிப் பார்த்த பின்

கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளிக்கு அருகே உள்ள சந்தூரில் என் பெரியப்பா மாங்கன்று நர்சரி வைத்திருக்கிறார். மழை தொடங்கிவிட்டால் அவருடைய கைப்பேசி ஓயாது. ஒரு கையில் ஒட்டுக் கத்தியும் மறு கையில் பாலித்தீன் நாடாவுமாக உட்கார்ந்திருப்பவர், "செந்தூரா கன்று இருக்குங்களா, என்ன விலைங்க" என்ற அதே இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்லவே நாளில் பாதியைச் செலவிட்டுக்கொண்டிருந்தார். அந்த அழைப்புகளை ஏற்றுப் பதில் சொல்லும் எண் ஒன்றை, தொலைபேசி அழைப்புகளை இணையம் வழியாகக் கையாளும் கிளவுட் டெலிபோனி நிறுவனம் ஒன்றிடமிருந்து வாங்கி, அதற்கான நிரலை நானே எழுதி, ஒரு நடவுப் பருவம் முழுவதும் ஓட்டினோம். இந்த மதிப்பீட்டில் குறைகளும் வரவிருப்பதால் நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. இவ்வகைச் சேவைகள் அனைத்தும் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவை என்பதால் வாசிப்பவர்களுக்கு அதனால் இழப்பு எதுவும் இல்லை.

சேவையின் அடிப்படை மிக எளிமையானது. நம் எண்ணுக்கு ஒருவர் அழைத்ததும், நிறுவனத்தின் சர்வர் நாம் கொடுத்து வைத்திருக்கும் இணைய முகவரிக்கு, உலாவி ஒரு பக்கத்தைக் கேட்பதுபோன்ற ஒரு எச்.டி.டி.பி. கோரிக்கையை அனுப்புகிறது, அழைத்தவரின் எண் அதிலேயே வந்துவிடும். நம் நிரல் அதற்கு விடையாக எக்ஸ்.எம்.எல். என்ற குறிமொழி வடிவில் நான்கைந்து வரிகளைத் திருப்பி அனுப்ப வேண்டும்: இந்த ஒலிக்கோப்பை ஒலிபரப்பு, ஓர் எண் அழுத்தும்வரை காத்திரு, பேசுவதைப் பதிவு செய், இன்னாருடைய கைப்பேசிக்கு இணைப்பை மாற்று. அழைத்தவர் எதையாவது அழுத்தினால் மீண்டும் ஒரு கோரிக்கை வரும், மீண்டும் ஒரு விடை போகும். இணையப் பக்கத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் அடுத்த பக்கம் வருவதற்கும் இதற்கும் கட்டமைப்பில் வேறுபாடு இல்லை. பி.எச்.பி. நிரல்மொழியில் கடைகளுக்கு இணையதளம் செய்து கொடுத்துக்கொண்டிருந்த எனக்கு, தொலைபேசி நுட்பம் எதையும் புதிதாகப் படிக்காமலே முதல் நாள் மாலையில் ஓர் அழைப்பைப் பேச வைக்க முடிந்தது.

இந்த எண்ணம் புதியதன்று. தொலைபேசி உரையாடலை இணையப் பக்கம்போல எழுதுவதற்கான வாய்ஸ் எக்ஸ்.எம்.எல். மொழியின் இரண்டாம் பதிப்பை இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ த்ரீ சி அமைப்பு 2004-இலேயே தரநிலையாக ஏற்றுக்கொண்டது. 1999-இல் மார்க் ஸ்பென்சர் தொடங்கிய ஆஸ்டரிஸ்க் என்ற திறந்த மூல மென்பொருள், ஒரு சாதாரணக் கணினியையே தொலைபேசி இணைப்பகமாக மாற்றியது. ஆனால் இணைப்புக் கம்பியும் தனிக் கருவியும் இல்லாமல், ஓர் இணைய முகவரி இருந்தாலே போதும் என்ற நிலை 2008-இல் தொடங்கிய ட்விலியோ போன்ற நிறுவனங்களால்தான் பரவலானது. நான் வாங்கிய சேவையும் அந்த வழியில் வந்ததே.

எங்கள் பகுதிக்கு இதில் மிகவும் உதவியது மொழித் தேர்வு. சந்தூருக்குக் கன்று வாங்க வருபவர்கள் தமிழில் மட்டும் பேசுவதில்லை; ஆந்திரத்திலிருந்தும் கருநாடகத்திலிருந்தும் அழைப்புகள் வருகின்றன, ஓசூர்ப் பக்கத்திலும் தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலும் தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழிகள். முதல் அழைப்பில் ஒன்று, இரண்டு, மூன்று என மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, அதை அழைத்தவரின் எண்ணோடு சேமித்து வைத்தோம். இணையதளம் குக்கி என்ற சிறு குறிப்பின் உதவியால் வந்தவரை நினைவில் வைத்துக்கொள்வதைப்போல, மறுமுறை அழைப்பவருக்கு நேரடியாக அவர் மொழியிலேயே வரவேற்பு ஒலிக்கும். இதில் ஒரு வேடிக்கையும் நேர்ந்தது. ஒரே கைப்பேசியை வீடே பயன்படுத்துகிறது என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. மகன் தெலுங்கைத் தேர்ந்தெடுத்து வைத்த எண்ணிலிருந்து தமிழ் மட்டுமே தெரிந்த தாயார் அழைத்தபோது, தவறான எண் என்று கருதி வைத்துவிட்டார். எந்த நேரத்திலும் பூஜ்யத்தை அழுத்தினால் மொழியை மாற்றலாம் என்று பிறகு சேர்த்தோம்.

எண்ணை அழுத்தச் சொல்வது எங்கள் விவசாயிகளுக்குச் சிரமமாக இருக்கும் என்று நண்பர்கள் சிலர் எச்சரித்தார்கள். அந்த அச்சம் தேவையற்றது. கிணற்று மோட்டாரைக் கைப்பேசியில் அழைத்து ஓட விடுவதும் நிறுத்துவதும் அவர்களில் பலருக்கு ஏற்கெனவே பழக்கமானவை. ஐந்தை அழுத்தினால் 770 ஹெர்ட்ஸும் 1336 ஹெர்ட்ஸும் சேர்ந்த ஒரு கூவல் எழுகிறது. ஸ்டார்ட்டர் பெட்டியும் எங்கள் எண்ணும் புரிந்துகொள்வது அதே கூவலைத்தான்.

மாறாக, பேச்சைப் புரிந்துகொள்ளும் வசதியைப் பாராட்ட முடியவில்லை. சேவையின் விளம்பரத்தில் முன்னால் நிற்பது அதுதான்: அழைப்பவர் இரகத்தின் பெயரைச் சொன்னால் போதும், எழுத்தாக வந்துவிடும் என்கிறார்கள். நாங்கள் கிளிமூக்கு, பெங்களூரா என்று சொல்லும் அதே மாம்பழம் பொது வழக்கில் தோத்தாபுரி, கன்னடத்தில் கிணிமூத்தி, ஆந்திரத்தில் பல இடங்களில் கலெக்டர். சித்தூர்ப் பக்கத்திலிருந்து அழைத்த ஒருவர் இருநூறு கலெக்டர் வேண்டும் என்று சொன்னதை மென்பொருள் பிழையில்லாமல் எழுத்தாக்கிக் கொடுத்தும், என் நிரலால் அதை எந்த இரகத்திலும் சேர்க்க முடியவில்லை. அது என் பிழை என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் தொலைபேசி ஒலி நெடுங்காலமாக ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான குறுகிய அலைவரிசைக்குள் அடங்கியிருப்பதால், உயர் அலைவரிசையில் ஒலிக்கும் ஸகரம் போன்ற ஒலிகள் மங்கிவிடுகின்றன; அத்துடன் தோட்டத்துக் காற்றின் இரைச்சலும் சேரும்போது இமாம்பசந்த் என்ற பெயர் ஒவ்வொரு முறையும் வேறொரு வடிவம் எடுத்தது. இரண்டே வாரத்தில் அந்த வசதியை நிறுத்திவிட்டு, அழைப்பவர் சொல்வதை அப்படியே பதிவு செய்து மனிதர் கேட்கும் முறைக்கு மாறினோம்.

இந்த மாற்றத்துக்கு முன்மாதிரியாக இருந்தது, சத்தீஸ்கரில் 2010-இல் தொடங்கப்பட்ட சி.ஜி.நெட் ஸ்வரா. அதில் கிராம மக்கள் ஓர் எண்ணை அழைத்துத் தங்கள் செய்தியைப் பேசிப் பதிவார்கள். நெறியாளர்கள் அதை இணையத்தில் கேட்டுச் சரிபார்த்த பிறகு, அழைக்கும் மற்றவர்களுக்கு அது ஒலிபரப்பாகும். நாங்களும் பதிவுகளை வரிசையாகக் காட்டும் ஓர் இணையப் பக்கம் செய்தோம்; பெரியம்மா மாலையில் அதைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்கிறார். பெரியப்பாவோ இணையப் பக்கத்தைத் திறக்கவே மாட்டேன் என்றார். ஆகவே அவர் அதே எண்ணை அழைத்தால் நிரல் அவருடைய எண்ணை அடையாளம் கண்டு வேறொரு பட்டியலை ஒலிக்கச் செய்தோம்: ஒன்றை அழுத்தினால் இன்றைய விலையைத் தம் குரலிலேயே பதியலாம், இரண்டை அழுத்தினால் வந்த ஆர்டர்களைக் கேட்கலாம். அழைப்பவரின் எண்ணைப் போலியாகக் காட்டுவது முடியாததன்று என்பதால் நான்கு இலக்க இரகசிய எண் ஒன்றையும் சேர்த்திருக்கிறேன். இந்த முயற்சி முழுவதிலும் எனக்கு மிகவும் நிறைவளித்த பகுதி இதுவே.

மிஸ்டு கால் வசதியும் நன்றாகவே வேலை செய்தது. முதல் மணியிலேயே அழைப்பை ஏற்காமல் துண்டித்து, பிறகு எங்கள் செலவில் திருப்பி அழைக்க வேண்டும். நிரலில் அது பத்து வரிக்கு மேல் இல்லை.

இணையப் பழக்கம் தொலைபேசியில் செல்லுபடியாகாத இடத்தில்தான் பெரிய அடி வாங்கினேன். நிரலை முதலில் ஓர் இலவச சர்வரில் வைத்திருந்தேன். சிறிது நேரம் யாரும் வராவிட்டால் அது உறங்கிவிடும். விழித்துப் பதில் தரச் சில வினாடிகள் எடுக்கும். இணையப் பக்கத்தில் அந்தத் தாமதத்தைச் சுழலும் வட்டம் ஒன்றைப் பார்த்தபடி பொறுத்துக்கொள்வார்கள். காதில் வைத்த கைப்பேசியில் மூன்று வினாடி மௌனம் நீடித்தாலே "ஹலோ, ஹலோ" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறார்கள். காலை ஆறு மணிக்கு அழைத்தவர்களில் பலரை இப்படி இழந்த பிறகே பதிவேட்டைப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடித்தேன். சேவை நிறுவனத்தின் உதவி மையம் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. உங்கள் பக்கத்துப் பிழை என்ற ஒரே பதிலை மூன்று முறை அனுப்பியது. சொன்னது உண்மைதான் என்றாலும், தாமதமான விடைகளைத் தனியே சுட்டிக்காட்டும் ஓர் எச்சரிக்கையை அவர்களுடைய தளம் கொடுத்திருக்கலாம். கட்டணச் சர்வருக்கு மாறிய பின் அந்தத் தொல்லை இல்லை.

இயந்திரத் தமிழ்க் குரலையும் ஒரு நாளுக்கு மேல் சகிக்க முடியவில்லை. "நாற்பது ரூபாய்" என்பதைச் சரியாக உச்சரித்தாலும், கேட்பவர் அதை வங்கியிலிருந்து வரும் அழைப்பு என்று கருதினார். பெரியப்பாவின் குரலில் "வணக்கங்க, சந்தூருங்க" என்று தொடங்கும் பதிவை வைத்ததும், இடையில் துண்டிக்கும் அழைப்புகள் கண்கூடாகக் குறைந்தன.

குறுஞ்செய்திப் பகுதி வாங்கும் எண்ணத்தோடு இருப்பவர்கள் சற்று யோசிக்க வேண்டும். வணிகக் குறுஞ்செய்திக்கு அனுப்புநர் பெயரையும் வாசக அமைப்பையும் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் டி.எல்.டி. என்ற பதிவுத் தளத்தில் முன்கூட்டியே பதிவு செய்தாக வேண்டும். மேலும் ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்துக்குறிகள் கிடைக்கும்போது, தமிழில் 70 மட்டுமே கிடைக்கும். புள்ளியும் துணைக்குறியும் தனித்தனியே கணக்கிடப்படுவதால், ஏழு எழுத்துள்ள "ஒட்டுக்கன்று" பன்னிரண்டு இடங்களை எடுத்துக்கொள்கிறது. ஆர்டர் உறுதிச் செய்தி ஒன்று இரண்டு செய்திகளாக உடைந்து, இரட்டைக் கட்டணமானது. நாங்கள் அதைக் கைவிட்டுத் திருப்பி அழைத்தே உறுதி செய்கிறோம்.

ஆண்டு வாடகையை விட நிமிடக் கட்டணமே இதில் கவனிக்க வேண்டிய செலவு. அழைப்பை வேறொரு கைப்பேசிக்கு மாற்றும்போது உள்ளே வரும் பகுதிக்கும் வெளியே போகும் பகுதிக்கும் தனித்தனியே வசூலிக்கிறார்கள்; விலைப்பட்டியலில் இது சிறிய எழுத்தில் இருக்கிறது. நாள்தோறும் ஒரே கேள்விக்குப் பலமுறை பதில் சொல்ல வேண்டிய நர்சரி, தக்காளி மண்டி, பட்டுக்கூடு வளர்ப்போர் போன்றவர்களுக்கு, நிரல் எழுதத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருந்தால், இந்தச் சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். நிரலாளர் இல்லாதவர்கள் நிறுவனத்தின் ஆயத்தப் பட்டியலை நம்பி வாங்கினால், பேச்சைப் புரிந்துகொள்ளும் வசதிக்கும் இயந்திரக் குரலுக்கும் சேர்த்துப் பணம் கட்டி ஏமாறக் கூடும்.

நாங்கள் எண்ணை மேலும் ஓராண்டுக்குப் புதுப்பித்துவிட்டோம். கன்னட வரவேற்பை நானே தட்டுத் தடுமாறிப் பேசிப் பதிந்திருந்தேன். அடுத்த மழைக்கு முன் தளியிலிருந்து கன்று ஏற்ற வரும் வேன் ஓட்டுநரின் குரலில் அதை மாற்ற வேண்டும்.