முள்கம்பியா, மின்கம்பியா? நாலு பசுவுக்கு வேலி போட்ட அனுபவம்

இலங்கை மலைநாட்டில், பொகவந்தலாவைப் பக்கம், லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு)ப் பின்னால் எங்களுக்கு முக்கால் ஏக்கர் அளவில் ஒரு புல்தரை இருக்கிறது. நாலு பசு, இரண்டு கன்று. நெடுநாளாக முள்கம்பிதான். இப்போது மூன்று பக்கம் மின்வேலி. ரோட்டுப் பக்கம் மட்டும் பழைய முள்கம்பி அப்படியே நிற்கிறது. இரண்டையும் ஒரே நிலத்தில் வைத்துப் பார்ப்பதால் எது தேவலை என்று அடிக்கடி கேட்கிறார்கள். என் ஓட்டு மின்வேலிக்குத்தான். ஆனால் எல்லாருக்கும் அது சரிவரும் என்று சொல்ல மாட்டேன்.

முள்கம்பியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கட்டை ஊன்று, கம்பி இழு, ஆணி அடி, முடிந்தது. பிரச்சினை நம்ம மழை. மண்ணுக்குள் இருக்கும் பகுதி இற்றுப்போய், மாடு முதுகைத் தேய்த்தாலே கட்டை சாய்கிறது. போன வருஷம் ஒரு பசுவின் மடி கம்பியில் கிழிந்து, ஒரு காம்பில் பால் கறக்க முடியாமல் போனது. உயிர்வேலியும் யோசித்தேன். எங்கள் உயரத்துக் குளிரில் வேலிக்கு நடும் கிளிரிசீடியா மரம் தேறவில்லை, அதை விட்டுவிட்டேன்.

இனி மின்வேலி. முதலில் ஒரு பயத்தைத் தீர்த்துவிடலாம். காட்டுப்பன்றிக்கென்று வீட்டுக் கரண்டை நேராகக் கம்பியில் கொடுக்கிறார்களே, அது வேலியே இல்லை, கொலை. 230 வோல்ட் விடாமல் ஓடும், தொட்ட ஆளை விடாது. சட்டப்படியும் குற்றம். நான் சொல்வது எனர்ஜைசர் பெட்டி, அதாவது பட்டரியில் ஓடி, கரண்டை விட்டுவிட்டு அனுப்பும் பெட்டி வைத்த வேலி. அதில் வோல்ட் ஆயிரக்கணக்கில் இருக்கும், ஆனால் ஏறக்குறைய நொடிக்கு ஒருமுறை, அதுவும் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்கும் குறைவாகத்தான் அடிக்கும். சுளீர் என்று இருக்கும், அடுத்த அடிக்குள் விலகிவிடலாம். பசுவுக்கு ஒருமுறை மூக்கில் பட்டால் போதும். அப்புறம் அது கம்பிக்கு இரண்டடி தள்ளியே மேய்கிறது.

கரண்ட் நின்றால்? இதற்குப் பதில் மிருகக்காட்சிசாலைக்காரர்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். பெரிய மிருகங்களின் அடைப்புகளில் மின்கம்பியைத் தனியாக நம்பி விடுவது குறைவு. அகழியோ மதிலோ கனமான கம்பிவலையோ வெளியே நிற்கும். மின்கம்பி அதற்கு உள்பக்கம் ஓடும், மிருகம் சாயாமல், ஏறாமல், தோண்டாமல் இருக்க. யானை விஷயத்தில் நம் நாட்டுக்கே இது நன்றாகத் தெரியும். தந்தத்தில் மின்சாரம் ஏறாது என்று கண்டுபிடித்துக் கம்பியை அறுக்கும், கட்டையைக் காலால் மிதித்துச் சாய்க்கும், மரத்தைத் தள்ளிக் கம்பி மேல் போடும். என் பசுக்களுக்கு அவ்வளவு மூளை கிடையாது. ஆனாலும் ரோட்டுப் பக்கம் முள்கம்பியை விட்டுவைத்த காரணம் இதுதான். பட்டரி இறங்கிய இரவில் மாடு பஸ் முன்னால் போய் நிற்கக் கூடாது. அந்த முள்கம்பிக்கு ஒரு முழம் உள்ளே தள்ளித்தான் மின்கம்பி ஓடுகிறது. முள்கம்பிக்கே கரண்ட் கொடுத்துவிடாதீர்கள். ஆளோ மிருகமோ அதில் மாட்டிக்கொண்டால் விலக வழியில்லாமல் அடி வாங்கிக்கொண்டே இருக்கும்.

சரி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது பராமரிப்பு. கடைக்காரர் பெட்டியின் சக்தியைப் பற்றிப் பேசுவார். புல்லைப் பற்றிப் பேச மாட்டார். ஈரப்புல் ஒன்று கம்பியைத் தொட்டால் கொஞ்சம் கரண்ட் மண்ணுக்குள் இறங்கும். ஐம்பது இடத்தில் தொட்டால் வேலி வெறும் கம்பிதான். மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கினால் புல் ஒரு வாரத்தில் முழங்காலைத் தொடுகிற ஊர் இது. பசுவுக்கு மட்டும் என்றால் இரண்டரை அடி உயரத்தில் ஒரே கம்பி போதும், புல் எட்டுவதற்கு நாளாகும். எனக்குப் பன்றியையும் நிறுத்த வேண்டியிருந்தது. அதற்கு ஒரு சாண் உயரத்தில் இன்னொரு கம்பி. வேலையெல்லாம் அந்தக் கீழ்க்கம்பியால்தான். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை கத்தியோடு சுற்றி வரவேண்டும். கூடவே இன்சுலேட்டரில் படிந்த பாசியைத் துடைக்க வேண்டும். பெட்டி டக் டக் என்று அடித்துக்கொண்டே இருக்கும், கம்பியில் ஒன்றும் இருக்காது. அதனால் டெஸ்டர் வாங்காமல் பெட்டி வாங்காதீர்கள்.

முள்கம்பி இப்படி இல்லை. ஒரு வருஷம் திரும்பிப் பார்க்காமல் விடலாம். ஆனால் பழுதானால் நாலு ஆள் கூலி, புதுக் கட்டை, இரண்டு நாள். மின்வேலி கேட்பது தினமும் பத்து நிமிஷம். காலையில் பால் கறக்க எப்படியும் அங்கே போகிற எனக்கு அது பொருந்துகிறது. கொழும்பில் வேலை செய்துகொண்டு, மாதம் ஒருமுறை ஊருக்கு வருகிறவர் முள்கம்பியே போடட்டும்.

பங்குனி வெயிலிலும் ஒரு தொல்லை இருந்தது. மண் காய்ந்ததும் கம்பி அடிப்பது மெலிந்தது. பெட்டியை மண்ணோடு இணைக்கும் எர்த் குச்சி மூன்று அடித்திருந்தேன். அவற்றின் அடியில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றியதும் சரியானது. இடி விஷயத்தில் எனக்கு ஒரு ஐப்பசி அனுபவம்தான் இருக்கிறது. வானம் கறுத்தால் பெட்டியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடுவேன், இதுவரை தப்பியிருக்கிறது. சிறுத்தைக்கு இந்த வேலியை நம்பவில்லை. இரவில் கன்றுகள் பட்டிக்குள்தான். பன்றிக்குச் சுருக்குக் கம்பி வைப்பதை விட இது எவ்வளவோ மேல் என்பது மட்டும் நிச்சயம். 2020இல் நல்லதண்ணிப் பக்கம் சுருக்கில் மாட்டிய கருஞ்சிறுத்தை பிழைக்கவில்லை.

மாமனாருக்கு டெஸ்டர் மேல் நம்பிக்கை இல்லை. புல் ஒன்றைக் கிள்ளி, அதன் நுனியைக் கம்பியில் வைத்து, மெல்ல மெல்ல விரலைக் கிட்டே நகர்த்துவார். "மாப்புள, கீழ்க்கம்பி செத்துக் கெடக்கு, போயி புல்ல வெட்டுங்க" என்பார். இதுவரை ஒருமுறையும் தப்பியதில்லை.