"சர்வீஸ் பண்ணின லென்ஸ்" என்றால் நம்பிவிடாதீர்கள்

பழைய மேனுவல் லென்ஸ் தேடி சேலத்தில் கடை கடையாக ஏறி இறங்குகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்கு 6,500 ரூபாயும் ஒரு ஃபிலிம் ரோலும் போயிற்று. பணத்தைவிட அந்த ரோலை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது.

அப்பாவிடம் ஜெனிட்-ஈ என்ற பழைய சோவியத் ஃபிலிம் கேமரா ஒன்று இருக்கிறது. அதன் லென்ஸ் எப்போதோ கீழே விழுந்து உடைந்து, கேமரா பீரோவிலேயே கிடந்தது. அதற்குப் பொருந்தும் ஹீலியோஸ் 44-2 என்ற 58 எம்எம் லென்ஸ் ஒன்று கிடைத்தால் கேமராவுக்கும் உயிர் வரும், அடாப்டர் (வேறு கேமராவின் லென்ஸைப் பொருத்த உதவும் இடை வளையம்) போட்டு என் சோனி மிரர்லெஸ் டிஜிட்டல் கேமராவிலும் மாட்டிக்கொள்ளலாம், பின்னால் இலைகள் எல்லாம் சுழன்று நிற்கிற அந்தப் படங்களை நானும் எடுக்கலாம் என்று மாதக்கணக்கில் தேடினேன். கடைசியில் சேலத்திலேயே பழைய கேமரா விற்கும் ஒருவரிடம் கிடைத்தது. "முழுசா பிரிச்சு சர்வீஸ் பண்ணினது சார், உள்ளே ஒரு தூசி கிடையாது" என்றார். தன்னுடைய அடாப்டரைப் போட்டு என் சோனியில் மாட்டி, லென்ஸின் துவாரத்தைச் சிறிதாக்கி எஃப் 8-இல் (ஃபோகஸ் கொஞ்சம் தப்பினாலும் தெரியாது) எதிர்க் கட்டடத்துப் போர்டைக் காட்டினார். எழுத்து பளிச்சென்று இருந்தது. அடாப்டரையும் சேர்த்து வாங்கிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு ஏற்காடு. இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, சேர்வராயன் கோயில் மலையுச்சிக்குப் போனோம். இளவயதில் அங்கே எடுத்த படங்களைப் போலவே இன்னொரு முறை எடுக்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. நல்ல மூடுபனி. ஜெனிட்-ஈயின் வியூஃபைண்டர் ஏற்கெனவே மங்கல், வெறும் தேய்த்த கண்ணாடி, ஃபோகஸ் சரியா என்று காட்ட நடுவில் பிளவு வட்டம் கிடையாது. அதனால் அப்பா ஃபோகஸ் வளையத்தை இன்ஃபினிட்டிக்கு, அதாவது வெகுதூரத்துக்கான குறிக்குத் திருப்பி, எஃப் 4-இல் பனி விலகும்போதெல்லாம் எடுத்தார். மொத்தம் 36 படம். கழுவி வந்தபோது பக்கத்தில் நின்ற அம்மா மட்டும் தெளிவு, அதுவும் வளையத்தைத் திருப்பிக் கண்ணால் பார்த்து எடுத்ததால். மலை, பள்ளத்தாக்கு, தூரத்துச் சரிவு எல்லாம் கொழகொழ. அப்பா தன் கண்தான் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

தப்பு அவர் கண்ணில் இல்லை. பிரித்துப் பூட்டியபோது ஃபோகஸ் வளையத்தைப் பிடித்திருக்கும் குட்டித் திருகுகளைச் சரியான இடத்தில் இறுக்காமல் விட்டிருக்கிறார்கள். 58 எம்எம் லென்ஸ் வெறும் 0.2 மில்லிமீட்டர் முன்னால் நின்றாலே, இன்ஃபினிட்டி என்று காட்டும் இடத்தில் அது சுமார் 17 மீட்டரில்தான் ஃபோகஸ் ஆகும். அப்படியானால் கடையில் எப்படி சரியாக இருந்தது? மலிவான அடாப்டர்கள் பெரும்பாலும் கொஞ்சம் மெல்லிசாகவே வரும், லென்ஸ் சென்சாருக்கு அவ்வளவு கிட்டே போகும், அந்த மெல்லிசு இந்தக் குறையை அப்படியே மறைத்துவிடும். ஜெனிட் போல எம்42 திருகு மவுண்ட் உள்ள ஃபிலிம் கேமராவில் அந்தச் சலுகை இல்லை, லென்ஸ் வந்து உட்காரும் இடத்திலிருந்து ஃபிலிம் வரை 45.46 மில்லிமீட்டர் என்றால் அவ்வளவுதான்.

இன்னொன்று, பூஞ்சை. அன்று மாலை லேடீஸ் சீட்டிலிருந்து சேலத்து விளக்குகளைச் சோனியில், லென்ஸின் துவாரத்தை முழுக்கத் திறந்து எடுத்தேன். ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் பால் போல ஒளி. வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தால் பின்பக்கக் கண்ணாடிக்குள் சிலந்தி வலை! வெளியே மட்டும் துடைத்திருக்கிறார்கள். கண்ணாடி மேல் பூசிய கோட்டிங்கைப் பூஞ்சை அரித்துவிட்டால் எத்தனை முறை துடைத்தாலும் தழும்பு போகாது.

திருப்பிக் கொடுக்கப் போனேன். "கடையில பார்க்கும்போது நல்லாத்தானே இருந்துச்சு சார், பழைய சாமானுக்கு ரிட்டர்ன் கிடையாது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பில்லும் தரவில்லை, நானும் கேட்டு வாங்காமல் விட்டது என் தப்பு.

ஃபிலிமில் போடத்தான் வாங்குகிறீர்கள் என்றால் அந்த பாடியையே கடைக்கு எடுத்துப் போங்கள். ஃபிலிம் இல்லாமல் பின்கதவைத் திறந்து, ஷட்டரை பி-யில் (பொத்தானை அழுத்தியிருக்கும் வரை திறந்தே இருக்கும் நிலை) பிடித்து, ஃபிலிம் ஓடும் தண்டவாளத்தின் மேல் பட்டர் பேப்பரை இறுக்கி வைத்து, லென்ஸின் துவாரத்தை முழுக்கத் திறந்து தூரத்து டவரைப் பாருங்கள். வளையம் இன்ஃபினிட்டியில் முட்டி நிற்கும்போது டவர் கூர்மையாக விழ வேண்டும். அப்புறம் செல்போன் டார்ச்சைப் பின்பக்கமிருந்து சாய்வாக அடித்து உள்ளே பாருங்கள். கடைக்காரர் சலித்துக்கொண்டால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

திருகுகளைத் தளர்த்தி இன்ஃபினிட்டியை நானே சரி செய்துவிட்டேன். பூஞ்சைக்கு வழியில்லை, மற்ற லென்ஸ்களோடு சேர்க்காமல் தனி டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்திருக்கிறேன். நான் திருப்பிக் கொடுக்கப் போன அன்று அதே அட்டைப்பெட்டியில் இன்னும் நாலு லென்ஸ் இருந்தது, எல்லாவற்றிலும் "சர்வீஸ்டு" என்று ஸ்டிக்கர்.